பல் டாக்டரின் நீல டேப்

இந்தக் கதையில் குருவுக்கு இருபத்தொன்பது வயது, சீடருக்கு நாற்பத்தேழு. மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று நினைக்க வேண்டாம். கார் பந்தயத்தில் நரைத்த தலைக்கென்று தனி மரியாதை கிடையாது.

குருவின் பெயர் சுகிர்தா. காட்டுப்பாதைப் பந்தயங்களில் ஓட்டிப் பேர் வாங்கியவள். பொள்ளாச்சிக்கு வெளியே, மூடிப்போன மில் ஒன்றின் செம்மண் மைதானத்தில் சனிக்கிழமை தோறும் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பாள். காலேஜ் பையன்களிலிருந்து தேங்காய் மண்டி முதலாளி வரை எல்லாருக்கும் அவள் 'மாஸ்டர்'தான்.

சீடர் டாக்டர் பூபதி. பல் டாக்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் லோன் போட்டு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். சின்னக் கார், ஆனால் மிதித்தால் பாயும். வாங்கியதே இந்த மைதானத்துக்காகத்தான். கிளினிக்குக்குப் போக வர ஸ்கூட்டர் இருக்கிறது.

மைதானத்தில் மாசம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கூட்டமாக ஓட்டுவதில்லை, ஒவ்வொருவராக. ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு வளைவும் நெளிவுமாகப் பாதை போட்டிருப்பார்கள். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்குப் பரிசு. ஆளுக்கு மூன்று வாய்ப்பு, அதில் எது நன்றாக வருகிறதோ அதுதான் கணக்கு. கோனை இடித்தால் ஒரு கோனுக்கு இரண்டு விநாடி கூட்டிவிடுவார்கள்.

பூபதி இதுவரை பதினோரு பந்தயம் ஓட்டியிருக்கிறார். ஒரு கோனைக்கூட இடித்ததில்லை. பரிசு பக்கமும் போனதில்லை. பதினான்கு பேர் ஓட்டினால் பதிமூன்றாவதாக வருவார். பதினான்காவது ஆள் வழக்கமாக வண்டி பழுதாகி நின்றவராக இருப்பார்.

பன்னிரண்டாவது பந்தயத்தன்று காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். எப்போதும் அவர்தான் முதல் ஆள். காரணம் இருக்கிறது. கல் தெறித்தோ கோன் உரசியோ பெயிண்ட் போய்விடக் கூடாதென்று, முன் பம்பர் முழுக்க நீல டேப் ஒட்டுவார். பிறகு பக்கவாட்டில், பிறகு கண்ணாடிகளின் முதுகில். ஒட்ட ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் உரிக்க ஒன்றரை மணி நேரம். ஓட்டுவது மூன்று நிமிஷத்துச் சொச்சம்.

சுகிர்தா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள்.

"என்னங்க டாக்டர், பொண்ணுக்கு அலங்காரம் முடிஞ்சுதா?"

"இன்னும் இடது பக்கம் பாக்கி இருக்குங்க மாஸ்டர்." டீயை வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க."

"இந்தக் காரை வெச்சுக்கட்டுமா, வித்துடட்டுமா?"

அவள் டீயை ஊதினாள். "யார் காரு?"

பூபதி சிரித்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் மூன்று வருஷமாக ஒரே பதில்தான். "இப்போதைக்கு பைனான்ஸ்காரன் காருங்க. இன்னும் ரெண்டு வருஷத் தவணை இருக்குது."

"அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அவரைக் கேளுங்க."

"விளையாடாதீங்க மாஸ்டர். ஈரோட்டுல இருந்து ஒருத்தர் சாயங்காலம் நாலு மணிக்கு வர்றாரு. மோகன்ராஜ்னு பேரு. கீறல் ஒண்ணு இல்லாம இருந்தா சொன்ன விலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள நான் முடிவு பண்ணியாகணும்."

"தவணை கட்டச் சிரமமா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஊர்ல சொத்தைப் பல்லுக்குப் பஞ்சமா என்ன?"

"பின்னே?"

பூபதி டம்ளரைக் காரின்மேல் வைக்கப் போனார். சட்டென்று கையை இழுத்துத் தரையில் வைத்தார். "எனக்கு வெக்கமா இருக்குங்க. அதான் நிஜம். சின்ன வயசுல இருந்து எனக்கு ஆசைன்னு இருந்தது இது ஒண்ணுதான். பதினோரு தடவை ஓட்டிட்டேன். என் வீட்டுல என்ன சொல்றான்னா, 'ஏனுங்க, ஓட்டறதுன்னா ஓட்டுங்க, இல்லாட்டி வித்துடுங்க. கொலு பொம்மை மாதிரி போர்ட்டிகோவுல எதுக்கு'ன்னு. இன்னிக்கும் பதிமூணாவதா வந்தா வித்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துடலாம்னு பாக்கறேன்."



சுகிர்தா மீதி டீயைக் குடித்தாள். கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்குங்க?"

"குடுங்க. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி நேரம் அது. மைதானத்தில் வேறு வண்டி இல்லை. அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள். அடுத்த நொடி பூபதியின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

ஆத்தாடி! மூன்று வருஷமாகத் தன் வண்டிக்குள் இப்படி ஒரு சத்தம் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. முதல் வளைவில் பின்பக்கம் வழுக்கித் திரும்பியது. இரண்டாவது வளைவில் அவர் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. ஐந்தாவது வளைவில், கோன்களை ஒட்டி, ஒட்டி, இன்னும் ஒட்டி...

டப்!

கோன் ஒன்று உருண்டு போனது.

"ஐயோ! நிறுத்துங்க! நிறுத்துங்க மாஸ்டர்!"

அவள் பாதையை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள். பூபதி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். டேப் ஒட்டாத இடது பக்கத்தில், முன் விளக்கை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஆரஞ்சுக் கோடு. எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. வெள்ளைப் பெயிண்டிலேயே கீறல் விழுந்திருந்தது.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க! நாலு மணிக்கு ஆள் வர்றாருன்னு சொன்னேனில்ல? உங்களை நம்பித்தானே சாவியைக் குடுத்தேன்?"

கோபத்தில் அவர் குரல் கிறீச்சிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது.

சுகிர்தா குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"போன வருஷம் கடைவாய்ப் பல்லுக்கு உங்ககிட்ட வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நான் பயந்துக்கிட்டு வாயைப் பாதிதான் திறந்தேன். நீங்க என்ன சொன்னீங்க?"

பூபதிக்கு ஞாபகம் இருந்தது. ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வதுதான்.

"'முழுசாத் திறங்கம்மா. பாதி திறந்தா உங்களுக்கும் வலி, எனக்கும் வேலை ஆகாது'ன்னீங்க."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகிற போக்கில் பம்பர் டேப்பின் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பம்பர் முழுக்க ஒட்டியிருந்தது ஒரே இழுப்பில் சர்ரென்று வந்தது.

பூபதி காரின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். கிளம்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். மனைவி தேன்மொழிக்குப் போன் போட்டார்.

"கோன் மேல இடிச்சாச்சு. பெயிண்ட் போயிருச்சு."

"யாரு, நீங்களா?"

"மாஸ்டர் இடிச்சுட்டாங்க."

"அப்பாடா!" என்றாள் தேன்மொழி. "பொம்மைக்குக் கண் திறந்துட்டாங்க. இருங்க, நான் வர்றேன்."

"நீயா? இத்தனை நாள் வந்ததே இல்லையே."

"உங்க ஓட்டத்தைப் பாக்கறதுக்கு நம்ம தெருவுல டவுன் பஸ் போறதைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். இன்னிக்கு வர்றேன்."

போனை வைத்த பிறகு பூபதி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். பிறகு எழுந்து, மிச்சமிருந்த டேப்பையும் உரிக்க ஆரம்பித்தார். இந்த முறை உரிக்க ஒன்றரை மணி நேரம் ஆகவில்லை.

பத்து மணிக்கு மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கொடி அசைந்தது. பூபதி மிதித்தார்.

டப். டப். கடைசி வளைவில் இன்னொரு டப்.

மூன்று கோன்! மைதானமே திரும்பிப் பார்த்தது. கோன் எடுத்து வைக்கிற மார்ஷல் பையன்கள் விசிலடித்தார்கள். "டாக்டர் பூபதி, வாழ்க்கையிலேயே முதல் கோன்! ஒண்ணு இல்ல, மூணு பல்லைப் புடுங்கிட்டாரு!" என்று மைக் பிடித்தவர் கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். கேலிதான். பூபதி காது சிவக்க வந்து இறங்கினார்.

"மானம் போச்சுங்க மாஸ்டர்."

சுகிர்தா நேரப் பலகையைக் காட்டினாள். போன மாசமும் இதே பாதைதான். அன்று கோன் படாமல் அவர் ஓட்டியது எழுபத்தொரு விநாடி. இன்று அறுபத்துநாலு. மூன்று கோனுக்கு ஆறு விநாடி தண்டம் போட்டும் எழுபதுதான்.

பூபதி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். தப்பில்லை.

"இடிச்சும் வேகமா வந்திருக்கேனுங்களா?"

அவள் சிரித்தாள்.

இரண்டாவது முறை ஆசை அதிகமாகிவிட்டது. நாலாவது வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. இன்ஜினும் அணைந்துபோனது. புழுதி அடங்கியபோது, வேலிக்கு அந்தப் பக்கம் தேன்மொழி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாயில் கையை வைத்து நிற்பது தெரிந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தார். இல்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தபடி வண்டியைத் திருப்பி ஓட்டி வந்தார்.

"மாஸ்டர், எங்க தப்புப் பண்ணினேன்?"

"பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடி விடுங்க. மத்ததெல்லாம் அப்படியே."

மூன்றாவது வாய்ப்பு மூன்று மணிக்கு. அதுவரைக்கும் முதல் ஆறு இடத்தில்கூட அவர் பெயர் இல்லை.

கொடி அசைந்தது.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி பூபதி பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், வாய் திறந்து கிடக்கிற நோயாளிகள் உட்பட. முதல் வளைவில் வண்டி வழுக்கியது, அவர் விட்டுக்கொடுத்தார். நாலாவது வளைவில் பிரேக்கிலிருந்து காலை முன்னாடியே எடுத்தார், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. பம்பரைப் பற்றி நினைக்கவில்லை. பெயிண்டைப் பற்றி நினைக்கவில்லை. மோகன்ராஜ் என்று ஒருத்தர் பூமியில் இருப்பதே மறந்துபோனது. கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு கோன் டப்பென்றது. கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

 மைக் அலறியது.

"அறுபத்தொண்ணு! கோனுக்கு ரெண்டு, மொத்தம் அறுபத்துமூணு! டாக்டர் பூபதி மூணாவது இடம்!"

மார்ஷல் பையன்கள் ஓடிவந்து பானெட்டைத் தட்டினார்கள். பூபதி தடுக்கவில்லை. தேன்மொழி வேலியைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நுழைந்து வந்தாள். அவர் அப்படியே அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். ஊர் பார்க்கிறதே என்று அவளும் சொல்லவில்லை. பதினான்கு பேரில் முதல் ஆள் வாங்கிய கோப்பை முழங்கை உயரம். மூன்றாவது ஆளுக்கு உள்ளங்கை அளவுதான். பூபதி அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

சரியாக நாலு மணிக்கு ஈரோட்டு மோகன்ராஜ் வந்தார். காரைச் சுற்றி வந்தார். முன்னால் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், கீறல் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே?"

"சொன்னப்ப இல்லீங்க. எல்லாம் இன்னிக்கு விழுந்ததுதான்."

"ஒண்ணு, ரெண்டு... அஞ்சு இருக்குதுங்களே!"

"அதுல ஒண்ணு மட்டும் எங்க மாஸ்டர் போட்டது. மத்த நாலும் நான் போட்டது." சொல்லும்போது பூபதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மோகன்ராஜ் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "பரவாயில்லைங்க. விலையைக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க, எடுத்துக்கறேன்."

"இல்லீங்க. விக்கலை. இவ்வளவு தூரம் அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்குங்க."

"அட, என்னங்க நீங்க? லோன்ல ஓடற வண்டி, இதைப் போட்டு அடிச்சுக்கிட்டு... இன்னும் பைனான்ஸ்காரன் வண்டிதானுங்களே இது?"

பூபதி தேன்மொழியைப் பார்த்தார். அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"இல்லீங்க," என்றார் பூபதி. "என் வண்டி."

மோகன்ராஜ் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனார். மைதானம் மெல்லக் காலியானது. சுகிர்தா கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பூபதி கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"மாஸ்டர்."

"ம்."

"காலையில ஒண்ணு கேட்டேன். வெச்சுக்கட்டுமா, வித்துடட்டுமான்னு. நீங்க கடைசி வரைக்கும் பதிலே சொல்லலீங்களே?"

சுகிர்தா கையில் இருந்த கோனைக் கீழே வைத்தாள். காலையில் அவர் மண்ணில் போட்டுவிட்டுப் போன நீல டேப் உருண்டை அங்கேயே கிடந்தது. அதை எடுத்து, ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டி, அவரிடம் நீட்டினாள்.

"கப்பு புதுசுங்க டாக்டர். கீறல் விழுந்துறப் போகுது. சுத்தி ஒட்டிக்குங்க."