மூக்குப் புட்டி

“புட்டி வேலை செய்ய மாட்டேங்குது டீச்சர். இன்னும் காரமா ஒண்ணு குடுங்க.”

இறுதிப் போட்டிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, காலில் பேடு கட்டிய சண்முகக்கனி வந்து நின்று கேட்டது இது.

கனி, கோவில்பட்டிப் பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். பதினோரு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவள். முதல் கோல்கீப்பர் கல்யாணமாகிப் போன பிறகுதான் இவளுக்கு இடம் கிடைத்தது. வயது முப்பத்திரண்டு. இதை விட்டால் இன்னொரு இறுதிப் போட்டி அவளுக்கு இல்லை. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுவது கோச் ஜெபரத்தினத்தை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றுதான் பேசுவார்.

புட்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் அளவு இருக்கும். உள்ளே அமோனியா உப்பு. மூடியைத் திறந்து மூக்கடியில் பிடித்தால் தலை பின்னால் வெட்டும், கண்ணில் தண்ணீர் கொட்டும், அரைத் தூக்கத்தில் இருப்பவன் எழுந்து ஓடுவான். மைதானத்தில் இறங்கும் முன் அந்த அணியில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றி அதை முகர்வார்கள். முகராமல் இறங்கினால் கோல் விழும் என்று ஒரு நம்பிக்கை வேறு. எல்லோரும் படித்த பெண்கள்தான். நம்பிக்கைக்குப் படிப்பு ஏது?

என்ன செய்கிறது என்று டீச்சர் விசாரித்தார்.

எரியத்தான் செய்கிறது, ஆனால் முன்போல் தலை தெளியவில்லை என்றாள் கனி. வெயில் கண்ணைக் குத்துகிறதாம். காலையில் பயிற்சியில் இரண்டு சொத்தைப் பந்துகள் அவளைத் தாண்டிப் போய்விட்டனவாம்.

டீச்சர் சாமான் அறைக்குள் அவளைக் கூட்டிப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

“கண்ணை மூடு.”

மூடினாள்.

கோல்கீப்பரின் கையுறையை அந்த ஊரில் துவைக்க மாட்டார்கள். துவைத்தால் ராசி போய்விடும். கனியின் கையுறையில் நாலு வருஷத்து வியர்வை ஊறிக் கிடந்தது. அவள் பையைத் திறந்தாலே மற்றப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவர்களை அவள் திட்டுவாள். நூறு கையுறைக்கு நடுவிலும் தன்னுடையதை மூக்காலேயே கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டுவாள்.

“என் ரெண்டு கையையும் உன் மூக்குகிட்ட வச்சிருக்கேன். தொடாம சொல்லு. உன் கிளவுஸ் எந்தப் பக்கம்?”

கனி இழுத்து மூச்சு விட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

“வலது பக்கம் டீச்சர்.”

“கண்ணைத் திற.”

டீச்சரின் ஒரு கை கனியின் இடது பக்கம் இருந்தது. அதில் கையுறை தொங்கியது. மூக்குக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. வலது பக்கம் இருந்த கையில் எதுவுமே இல்லை.

சளி பிடித்திருக்கிறது என்றாள் கனி. டீச்சர் கையுறையை அவள் மூக்கை விட்டு எடுக்கவில்லை. கனிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விடுதிக் காப்பி சுடுதண்ணீர் போல இருக்கிறது என்று சமையல்காரரோடு சண்டை போட்டது. புதுச் சோப்பு போலி என்று கடையில் திருப்பிக் கொடுத்தது. அடுப்பில் பால் பொங்கிக் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

“புட்டி எரியுதே டீச்சர். மூக்கு நல்லா இருந்தாத்தானே எரியும்?”

“எரியுறது வாசனை இல்ல, கனி. அது மூக்குல விழுற அடி.”

டீச்சர் கையிலிருந்த கையுறையில் கனி மூக்கைப் புதைத்து இன்னொரு தடவை முகர்ந்தாள்.

“எத்தனை நாளா?”

அவள் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன் பயிற்சியில் பெனால்டி கார்னரில் கோலை நோக்கி ஓங்கி அடித்த பந்து ஒன்று ஹெல்மெட்டில் மோத, பேடு கட்டிய காலோடு மரம் போல விழுந்தாள். அரை நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். மிச்ச நேரமும் கோலில் நின்றாள். பொம்பளைன்னா இப்படி இருக்கணும் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முதல் தலைவலி; வாசனை போனதும் அதற்குப் பிறகுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம்.

“ஒரே ஒரு மேட்ச் டீச்சர்,” என்றாள். “இது முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க சொல்ற டாக்டரைப் பாக்கேன். பதினோரு வருஷம் டீச்சர்.”

டீச்சர் கையுறையைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

“அன்னைக்கு விழுந்தியே. உன்னை எழுப்புனது யாரு?”

கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லு.”

“நீங்கதான். புட்டியோட ஓடி வந்தீங்க.”

“நீ என்ன சொன்னே?”

“கொஞ்ச நேரம் படுத்துக்கிடுதேன்னு சொன்னேன்.”

“நான் என்ன செஞ்சேன்?”

தன் வாயால் அதை டீச்சரிடம் சொல்ல கனிக்கு மனம் வரவில்லை. இரண்டாவது தடவையும் புட்டியை அவள் மூக்கில் வைத்து அழுத்தியது டீச்சர்தான்.

வெளியே நடுவரின் விசில் கேட்டது. இரண்டு அணியையும் வரிசையில் நிற்கக் கூப்பிடுகிறார்கள். அறைக்கு வெளியே அணித்தலைவி “டீச்சர், டீச்சர்” என்று தேடிக்கொண்டு ஓடினாள்.

“விசில் அடிக்காங்க டீச்சர்,” என்றாள் கனி.

“அடிக்கட்டும்.”

ஜெபரத்தினம் கனியின் முன்னால் தரையில் மண்டியிட்டார். இருபது வருஷத்தில் அவர் யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கனியின் இடது கால் பேடின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். கடைசி வார் சிக்கிக்கொண்டது. அவசரப்படாமல் மறுபடியும் அவிழ்த்தார்.

கனி அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள்.

பிறகு வலது காலை அவளே நீட்டினாள்.