ரயிலோரத்துப் பீப்பாய்

தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சின்ன விஸ்கி ஆலையில், ரயில் போகும்போதெல்லாம் பீப்பாய்கள் குலுங்கும். சான்றிதழ் தர வந்த ருசி நிபுணர் சதாசிவராவ் எகிறிக் குதித்தார்.

“விஸ்கி பச்சைப்பிள்ளை மாதிரி நிம்மதியாத் தூங்கணும்! ரயிலை நிறுத்துங்க, இல்லைன்னா ஆலையை மூடுங்க!”

பீப்பாய் உருட்டும் எசக்கியம்மாள் இரண்டு கிளாஸோடு வந்தாள்.

“ஒண்ணு ரயிலோரம் குலுங்குனது, ஒண்ணு பின்னறையில அசையாமக் கெடந்தது. எது எதுன்னு சொல்லுங்கய்யா.”

முதல் கிளாஸுக்கு முகம் சுளித்தார். “இது குலுங்கினது!” இரண்டாவதை ஒரே மடக்கில் காலி செய்தார். “ஆகா, இதுதான் தூங்கினது!”

எசக்கியம்மாள் கிளாஸ்களின் அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் காட்டினாள். “மாத்திச் சொல்லிட்டீங்களேய்யா. தொட்டிலை ஆட்டாம எந்தப் பிள்ளை தூங்கும்?”

அடுத்த ரயில் கடக்கையில் அவர் போட்ட கையெழுத்து, சான்றிதழில் இன்னும் குலுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.