கடைசியாக உள்ளே வந்தவர்

இரவு பதினொன்றரைக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டொக் டொக்.

வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல. தட்டிவிட்டு, நான் விழித்திருக்கிறேனா என்று காது கொடுத்துக் கேட்பதுபோல.

மகளைச் சுவரோரமாய்த் தள்ளிப் படுக்கவைத்தேன். அறைக் கதவுக்குத் தையல் மெஷினை முட்டுக்கொடுத்தேன். விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

அது ஒன்பதாவது இரவு.

காலையில் ரூத்தைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, அதே ஆட்டோவில் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன்.

"மாஸ்டர், எனக்குச் சுடக் கத்துத் தரணும்."

"தரலாம்."

"சீக்கிரமா."

"எவ்வளவு சீக்கிரமா?"

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "உக்காருங்க அக்கா. ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

அவர் பெயர் பேராச்சி. பெண்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆயுதப்படையில் இருந்து விலகி வந்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஏன் விலகினார் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

நான் சொன்னேன். கணவர் கப்பலுக்குப் போய்ப் பத்து நாள். திரும்பி வர எட்டு மாதம். ஊரோரத்துக் காலனி, வீட்டுக்குப் பின்னால் உடைமுள் மண்டிய உடங்காடு. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஆள் புகுந்துவிட்டதாகப் பேச்சு. வீட்டில் நானும் நாலு வயதுப் பிள்ளையும். ஒன்பது ராத்திரியாகப் பின்பக்கம் யாரோ தட்டுகிற சத்தம்.

"தட்டுறது யாரு?"

"தெரியல."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒம்பது நாளும் பாக்கலையா?"

"நான் பாக்கப் போயி, அவன் என்னைப் பாத்துட்டான்னா?"

மாஸ்டர் எழுந்தார். "வாங்க. முதல்ல கதவு."

அந்தக் கூடம் ஒரு டைல்ஸ் கடையின் மாடி. முன்பு சரக்கு அடுக்கிவைத்த குடோன். ஜன்னல் கிடையாது. இந்தப் பக்கம் நின்று சுட ஆறு மேடை. பத்து மீட்டர் தள்ளி, எதிர்ச் சுவரில், ஆறு காகித வட்டங்கள். உள்ளே வரும் கதவோ இரண்டுக்கும் நடுவில், பக்கவாட்டுச் சுவரில் இருந்தது. அதை மாற்றிவைக்கக் கட்டடக்காரர் சம்மதிக்கவில்லையாம்.

அதனால் அங்கே ஒரு வழக்கம்.

கடைசியாக உள்ளே வந்தவர்தான் தாழ்ப்பாள் போட வேண்டும். போட்டுவிட்டு, கையை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். மாஸ்டர், "போட்டாச்சா?" என்று கேட்பார். கை வைத்திருப்பவர், "போட்டாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் யாரும் துப்பாக்கியைத் தொடலாம்.

முதலமைச்சரே வந்தாலும் இதுதான் என்றார் மூன்றாம் மேடையில் நின்றவர். மர அறுவை மில் வைத்திருக்கும் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாரத்தில் மூன்று நாள் சுட வருகிறவர்.

அன்று கடைசியாக வந்தவள் நான். போட்டேன். அந்த இரும்புத் தாழ்ப்பாள் சத்தத்தோடு உள்ளே போனது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால்? ஓட வேண்டியிருந்தால்?

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

மாஸ்டர் எனக்கு முதுகைக் காட்டி நின்று கைத்துப்பாக்கியில் ஏதோ செய்தார். திரும்பி, மேடையில் வைத்தார்.

"இதுல குண்டு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சொல்ல மாட்டேன். சுடுங்க."

சுட்டேன். பட்டென்றது. காகிதத்தின் ஓரத்தில் ஒரு ஓட்டை.

மறுபடி வாங்கினார். மறுபடி முதுகைக் காட்டினார். மறுபடி வைத்தார்.

சுட்டேன். பட்.

மூன்றாம் தடவை விசையை இழுத்தேன். டிக் என்றது. அவ்வளவுதான். குண்டு இல்லை.

ஆனால் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

"யம்மா," என்றார் அண்ணாச்சி, "குண்டே இல்லாம துப்பாக்கி குனிஞ்சு கும்பிடுதே!"

"அண்ணாச்சி, உங்க வட்டத்தைப் பாருங்க," என்றார் மாஸ்டர். பிறகு என்னிடம், "எதுக்குக் கண்ணை மூடுனீங்க?"

"சத்தம் வருமேன்னு."

"வந்துச்சா?"

"இல்ல."

"அப்போ எதைக் கேட்டுப் பயந்தீங்க?"

துப்பாக்கியை மேடையில் வைத்தேன்.

வாசலில் ஒரு நோட்டு உண்டு. வந்து போகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும். அண்ணாச்சி, "ஏ.சி. பத்தாது" என்று எழுதியிருந்தார். ஐந்தாம் மேடையில் சுடும் கல்லூரி மாணவி ஷமீமா, "இன்று என் வட்டத்தை விட்டுப் பக்கத்து வட்டத்தைச் சுட்டுவிட்டேன். நன்றாகப் பட்டது" என்று எழுதியிருந்தாள்.

நான் கான்வென்ட்டில் பழக்கிய மாதிரி, வலதுபக்கம் மேலே தேதி போட்டேன். கீழே ஒன்றும் எழுதாமல் வந்துவிட்டேன்.

அன்று இரவும் டொக். டொக் டொக்.

கண்ணை மூடியிருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள், "மாஸ்டர், வீட்டுல ஒண்ணு வச்சுக்கிடணும். எங்க வாங்கலாம்?" என்றேன்.

"வாங்கி?"

"தட்டுனா கதவு வழியா சுட்டுருவேன்."

மாஸ்டர் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, சுடாமல் அரை மணி நேரம் நிற்கவைத்தார். தோள் கனத்துக் கை கீழே இறங்கியது. மறுபடி தூக்கவைத்தார். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

மூன்றாம் நாள் நான் தாமதம். முந்தின இரவு துளியும் தூக்கமில்லை. அண்ணாச்சியும் ஷமீமாவும் முன்பே நிலையில் நின்றிருந்தார்கள். நான் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, நேரே என் மேடைக்குப் போனேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றேன்.

வாய் சொன்னது. கை தாழ்ப்பாளில் இல்லை. என் மேடையில், பையின் ஜிப்பில் இருந்தது.

மாஸ்டர் அப்போது ஷமீமாவின் முழங்கையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. முதல் முறையாக ஒருவர் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பினார்.

அண்ணாச்சி துப்பாக்கியைத் தூக்கினார்.

கதவு திறந்தது.

டீக்கடை மாடசாமி. ஐம்பது வயதிருக்கும். கம்பித் தூக்கில் நாலு கிளாஸ். தலையைக் குனிந்து, டீ சிந்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து, நேராகச் சுடும் வழிக்குள் வந்தார்.

"நிறுத்து!"

மாஸ்டரின் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு துப்பாக்கிகளும் மேடைக்கு வந்தன. ஷமீமா அழ ஆரம்பித்தாள். அண்ணாச்சி தன் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் வளைந்தே இருந்தது.

"என்ன மாஸ்டர்," என்றார் மாடசாமி. "டீ வேண்டாமா?"

"வேணும்," என்றார் மாஸ்டர். ஒரு கிளாஸை எடுத்து என் கையில் வைத்தார். சூடு விரலைச் சுட்டது. "மாடசாமியண்ணே, மகளுக்கு எப்பம் கல்யாணம்?"

"ஆவணி எட்டு. எல்லாரும் வந்துரணும். மாஸ்டர் இல்லாம பந்தி கிடையாது."

"வந்துருவோம். அக்காவும் வருவாங்க. இல்லையா அக்கா?"

தலையை ஆட்டினேன்.

மாடசாமி போன பிறகு, அண்ணாச்சி தானே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். யாரும் சுடவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், திட்டிருங்க," என்றேன்.

"திட்டுனா சரியாப் போயிருமா?"

"நான் தூங்கியே பதினோரு நாளாச்சு. புத்தி நிலையில இல்ல. எனக்கு இந்தப் பாடமெல்லாம் வேண்டாம். பிள்ளையைக் காப்பாத்தணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும்."

மாஸ்டர் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அக்கா, உங்க வீட்டுல கடைசியா உள்ள வந்தது யாரு?"

"நான்தான். வாசக்கதவைப் பூட்டி, தாழ் போட்டு, சங்கிலியும் மாட்டுதேன். ஒவ்வொரு நாளும் ரெண்டு தடவை இழுத்துப் பாக்கேன்."

"அது சரி. கடைசியா உள்ள வந்தது யாரு?"

"அதான் சொல்லுதேனே, நான்தான்!"

அவர் எழுந்து போய், கதவைத் திறந்துவிட்டார்.

கோபத்தில் நோட்டில் தேதிகூடப் போடவில்லை.

ஆட்டோவில் வரும்போதுதான் அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்டது. கடைசியாக உள்ளே வந்தது யார். எனக்குப் பிறகு யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா? ஏற்கெனவே உள்ளேயேதான் இருக்கிறார்களா?

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் பார்த்தேன். பீரோவைத் திறந்து சேலைகளை விலக்கிப் பார்த்தேன். பரணில் டார்ச் அடித்தேன். குளியலறைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தேன்.

"அம்மா, ஒளிஞ்சு விளையாடுறோமா?" என்றாள் ரூத்.

"ஆமா."

"யாரு ஒளிஞ்சிருக்கா?"

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வழக்கம்போலச் சமையலறைக் கதவைப் பூட்டினேன். அதற்கு அப்பால் பாத்திரம் துலக்கும் இடம். அதற்கும் அப்பால் ஒரு தகரக் கதவு. விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் நான் போவதில்லை.

ரூத் தூங்கினாள். தையல் மெஷினை இழுத்து வைத்தேன். காற்று எழுந்தது.

டொக்.

கண்ணை மூடினேன். மூடியதை உணர்ந்தேன். திறந்தேன்.

டொக் டொக்.

இந்த முறை எண்ணவில்லை, ஜெபிக்கவில்லை. கேட்டேன். காற்று வந்தால் சத்தம். காற்று நின்றால் சத்தமில்லை. தட்டுகிறவன் காற்றுக்குக் காத்திருப்பானா?

கடைசியாக உள்ளே வந்தது யார்?

திடீரென்று என் கணவரின் செருப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. தினமும் பத்து மணிக்கு அவர் பின்பக்கம் போவார். வாளியை நகர்த்துவார். ஏதோ இரும்பு இழுபடும். கையைக் கழுவுவார். ஈரக் கையோடு உள்ளே வந்து சமையலறைக் கதவைச் சாத்துவார். நான் அப்போது பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பேன். "போட்டாச்சா?" என்றுகூட நான் கேட்டதில்லை.

அந்த வழியாகக் கடைசியாக உள்ளே வந்தவர் அவர்தான்.

அவர் கப்பலேறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பாத்திரம் துலக்குகிற பாண்டியம்மா தினமும் நாலு மணிக்கு அந்த வழியாகத்தான் வெளியே போகிறாள். "யம்மா, நான் பின்னால போறேன், கதவைப் போட்டுக்கிடுங்க." நான் கூடத்தில் இருந்தபடியே "சரி" என்பேன்.

பன்னிரண்டு நாளாகச் "சரி" என்றிருக்கிறேன்.

தையல் மெஷினை நகர்த்தினேன். ரூத் விழித்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க போற?"

"பின்னால."

"அங்க யாரு இருக்கா?"

"தெரியல. பாத்துட்டு வாரேன்."

சமையலறை விளக்கைப் போட்டேன். சாவியைத் திருப்ப இரண்டு கையும் தேவைப்பட்டன. கதவு திறந்ததும் காற்று முகத்தில் அடித்தது. கையில் ஒன்றும் இல்லை. கரண்டிகூட எடுக்கவில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

தகரக் கதவு அரையடி திறந்து கிடந்தது. காற்று இழுத்தது. கதவு போய்ச் சட்டத்தில் இடித்தது. அதில் தொங்கிய தாழ்ப்பாள் தகரத்தைத் தட்டியது.

டொக். டொக் டொக்.

அப்போதே சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. கதவை முழுதாகத் திறந்து வாசற்படியில் நின்றேன்.

உடங்காடு. இருட்டு. தூரத்தில் ஒரு நாய். யாரும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. கண்ணை மூடாமல் பார்த்தேன். பழகிய இருட்டில் ஒவ்வொரு மரமும் தனித்தனி மரமாகும்வரை பார்த்தேன்.

பிறகு கதவை இழுத்தேன். தாழ்ப்பாள் பாதியில் நின்றது. வாளியைக் காலால் தள்ளிவிட்டு, தோளைக் கொடுத்துக் கதவை அழுத்தினேன்.

"அம்மா!" உள்ளேயிருந்து ரூத். "போட்டாச்சா?"

இரும்பு இரும்புக்குள் போனது. கையை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

"போட்டாச்சு."