பன்னிரண்டாவது முத்திரை

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் வண்டிகளுக்கு பிரேக் செய்கிற ஜப்பான் கம்பெனி ஒன்று. பேர் எதற்கு? அங்கே ஹிராயாமா என்று ஒருவர், பதினோரு வருஷமாக வேலை கற்றுக்கொடுக்கிறார். தமிழைத் தொழிலாளிகளிடம்தான் பிடித்தார். அதனால் மேனேஜரும் அவருக்கு 'நீ'தான், கூட்டுகிறவரும் 'நீ'தான்.

கைக்கடிகாரம் மட்டும் ஜப்பான் நேரத்தில் ஓடியது. நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். "சான் நமக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடறாரு" என்று லைனில் கேலி செய்வார்கள். சான் என்றால் ஜப்பானில் ஐயா மாதிரி. அவரும் சிரித்துவைப்பார்.

நல்லசிவம் முதல் நாளிலிருந்து அவரிடம் கற்றவன். இப்போது நாற்பது வயது, எல்லா லைனும் அவன் பொறுப்பு. அன்று பிற்பகல் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

ஜப்பானில், நகோயா தொழிற்சாலையில் ஐந்து வருஷ வேலை. குடும்பத்தை விட்டுத் தனியாகப் போகவேண்டும். அந்தக் கம்பெனியில் யாரும் தன்னிச்சையாக முடிவெடுப்பதில்லை. காகிதம் மேசை மேசையாகச் சுற்றும், சம்மதிக்கிறவர்கள் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரையைக் குத்துவார்கள். பதினொன்று விழுந்திருந்தது. பன்னிரண்டாவது கட்டம் காலி. அது போகிறவனுடையது. சாயங்காலத்துக்குள் குத்தித் தரவேண்டும்.

மகளுக்கு நாலு வயது. அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். அதையும் சொன்னான். இத்தனை பேர் சரி என்ற பிறகு எந்த முகத்தோடு மாட்டேன் என்பது என்று புலம்பினான். கடைசியில் கேட்டான்.

"உங்க ஊர் முறை நல்லதா கெட்டதா, சான்?"

ஹிராயாமா எழுந்து லைனுக்கு நடந்தார். தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஓடுகிறது. கோளாறு கண்டால் நேற்றுச் சேர்ந்தவர்கூட அதை இழுத்து லைனை நிறுத்தலாம். அவர் இழுத்து யாரும் பார்த்ததில்லை.

இழுத்தார்.

எச்சரிக்கைப் பாட்டு ஒலித்தது. லைன் நின்றது. லைன் லீடர் செவ்வந்தி நோட்டோடு ஓடிவந்தாள். கோளாறை எழுதாமல் லைன் ஓடக்கூடாது. இழுத்தவருக்கு முதலில் நன்றி சொல்வது அங்கே வழக்கம்.

"நன்றி சான். என்ன கோளாறு?"

அவர் நல்லசிவத்தைப் பார்த்தார். "ஏன் இழுத்தேன்னு திட்டினாளா?"

"இல்ல சான்."

"ஒரு திருகு கோணலா இருந்தாலும் ஓடி வருவா. இது எங்க ஊர் முறை. நல்ல முறை."

நல்லசிவம் சட்டைப்பையில் முத்திரையைத் தடவினான். "அப்ப குத்திடட்டுமா?"

ஹிராயாமா கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஏழு மணி. ஜப்பானில் அவர் வீட்டில் சோறு பரிமாறுகிற நேரம்.

"இங்க வர்றதுக்கு எனக்கும் இதே மாதிரி காகிதம் வந்துச்சு. பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. பதினோரு பேரும் குத்தியிருந்தாங்க. எல்லாம் நல்ல மனுஷங்க. தலைக்கு மேல பார்த்தேன். கயிறு இல்ல."

மறுபடி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "இப்ப அவளுக்குப் பதினஞ்சு. போன்ல விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசுறா."

செவ்வந்தி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன எழுதட்டும் சான்?"

ஹிராயாமா கயிற்றை விடவில்லை.

"நான் உனக்காகத்தான் இழுத்தேன்" என்றார் நல்லசிவத்திடம். "கோளாறு என்னன்னு நீ சொல்லு."