உப்பேறிய குட்டை

கடலோரக் காட்டில், மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு நன்னீர்க் குட்டை இருந்தது. அதில் ஒரு தவளையின் குஞ்சுகள் வாலை ஆட்டி நீந்திக்கொண்டிருந்தன. ஒருநாள் காலையில் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் செத்து மிதந்தன!

தவளை பதறிப்போய் நண்டைக் கூப்பிட்டது. நண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துத் துப்பியது.

"உப்புக் கரிக்கிறது! ஆழமாகத் தோண்டினால் நல்ல ஊற்று வரும்!"

"ஊற்றாவது ஒன்றாவது!" என்றது நாரை. அது எப்போதும் வானத்தையே பார்க்கும். "இரண்டு வருஷமாக மழையே சரியில்லை. மழை வரும்வரை பொறுத்திரு!"

மணலில் வளை தோண்டி வாழும் எலி தலையை நீட்டியது. "இரண்டு பேரும் உளறுகிறார்கள். மணல்மேடு சரிகிறது, அதைக் கவனி!"

தவளைக்குத் தலை சுற்றியது. தோண்டுவதா? பொறுப்பதா? மேட்டைப் பார்ப்பதா? மூவருமே கெட்டிக்காரர்கள். மூவருமே அடித்துச் சொன்னார்கள். நண்டின் குரல்தான் பலமாக இருந்தது. "சரி, தோண்டு" என்றது தவளை.

நண்டு தோண்டியது. குபுகுபுவென்று தண்ணீர் பொங்கியது. அதுவும் உப்பு! மாலைக்குள் பாதிக் குஞ்சுகள் போய்விட்டன.

"நான் அப்போதே சொன்னேன்!" என்றது நாரை.

"நான்தான் சொன்னேன்!" என்றது எலி.

"போதும்!" என்று தவளை கத்தியது. "யார் சொன்னது சரி என்று நான் கேட்கவில்லை. கண்ணால் என்ன பார்த்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்!"

நாரை யோசித்தது. "மழையில்லாமல் மேட்டின் மேல் படர்ந்திருந்த கொடியெல்லாம் காய்ந்துவிட்டது."

"கொடியின் வேர் செத்த இடத்தில்தான் மணல் சரிந்தது" என்றது எலி.

நண்டு மெதுவாகச் சொன்னது: "சரிந்த இடத்தில் ஈரத் தடம் பார்த்தேன். பௌர்ணமி அலை அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். அடி மண்ணிலும் உப்பு ஊறிவிட்டது. அது தெரியாமல் தோண்டிவிட்டேனே!"

மூன்றும் ஒன்றையொன்று பார்த்து விழித்தன. அப்படியானால் மூவரும் பார்த்தது ஒரே கேட்டின் மூன்று துண்டுகளா?

எலி ஒரு கொட்டாங்கச்சியை உருட்டி வந்தது. மிச்சக் குஞ்சுகளைத் தவளை அதில் ஏற்றியது. நாரை அதை அலகால் கவ்விப்போய், காட்டுக்குள் ஒரு பாறைக்குழி நீரில் விட்டது. நண்டும் எலியும் சேற்றை அப்பி, மேடு சரிந்த உடைப்பை அடைத்தன. நாரை பச்சைக் கொடிகளைக் கொண்டுவந்து மேட்டில் ஊன்றியது.

பதினேழு குஞ்சுகளுக்குக் கால் முளைத்தது. குட்டையின் உப்பு போக எத்தனை மழை வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தனக்குத் தெரிந்ததே முழு உண்மை என்று ஆளாளுக்குச் சாதித்தால் அறிவும் கேடு செய்யும். கண்டதையெல்லாம் ஒன்றுசேர்த்து யோசித்தால்தான் வழி பிறக்கும்.