மாசிலாமணியின் சோம்பல்

ஆற்றங்கரை மடத்தில் பொன்னம்பலம்தான் மூத்த சீடர். குருவைவிடவே ஏழு வயது பெரியவர். விடியும் முன் குளித்துவிடுவார். மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

அந்த ஐப்பசியில் மாசிலாமணி என்ற சீடர் படுக்கையை விட்டு எழுவதை நிறுத்திவிட்டார். பூஜைக்குப் பூத்தொடுப்பவர் அவர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சோறு வைத்தால் இரண்டு வாய். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அழவும் இல்லை.

பதினைந்து நாள் பொறுத்த பொன்னம்பலம், அவரைப் பந்திக்கு இழுத்து வந்து குரு உட்பட எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வேளைக்குச் சோறு. தலைக்கு மேல கூரை. பொண்டாட்டி பிள்ளைன்னு கவலை இல்ல. உனக்கு என்ன குறை? இது வெறும் சோம்பல்."

மாசிலாமணி மறுநாள் குளித்தார். பூத்தொடுத்தார். யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கவும் செய்தார்.

மூன்றாம் நாள் பொன்னம்பலம் குருவிடம் போய், ஒரு அதட்டலில் ஆளைச் சரிசெய்துவிட்டதைப் பெருமையாகச் சொன்னார். குரு எழுந்து மாசிலாமணியின் அறைக்குப் போனார்.

அறை காலி. மடித்த காவித் துணியின் மேல் ருத்திராட்சம் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

இருவரும் ஆற்றுக்கு ஓடினார்கள். படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் மாசிலாமணி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். குரு இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் பிடித்தார். மாசிலாமணி கூடவே வந்தார்.

நேராக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் பொன்னம்பலம் தயங்கினார். மன அமைதிக்கென்று மடத்தைத் தேடி வருகிறவர்களுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மெல்லக் கேட்டார். குரு அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

மாசிலாமணியை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் ஆகலாம், ஆனால் தேறிவிடுவார் என்றார் டாக்டர்.

அதே பிரிவில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து ஒரு பொட்டலம் வைத்தாள். பிறகு குருவின் முகத்தைப் பார்த்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள்.

"இது உங்களோடது சாமி. இந்த மாசம் நீங்க இன்னும் வாங்கிக்கல."

பொன்னம்பலம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பந்தியில் தான் பேசிய பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. அதைக் குருவும் கேட்டுக்கொண்டுதானே இலை முன் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நாளா சாமி?"

"ஒன்பது வருஷமா."

"ஒன்பது வருஷமும் நான் உங்க காலடியிலதான இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனை நான் அப்படிப் பேசியிருப்பேனா?"

குரு தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து பொன்னம்பலம் பார்த்ததில்லை.

"பேசியிருக்க மாட்டீங்க. என்னைப் பத்தி நீங்க என்ன நினைப்பீங்களோன்னு எனக்கு வெட்கமா இருந்துச்சு."