வரி வரியாக வந்த எரர்

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வர்களுக்கெல்லாம் மேனேஜர் ஞானசிகாமணி. அங்கே சர்வர் வேலைகள் தானாக நடக்கும். நடுவே சர்வர் படுத்துக்கொண்டால் மட்டும், எரரை அடைப்புக்குறியும் காற்புள்ளியுமாக ஒரே மூச்சில் துப்பும்.

"இதை வரி வரியாப் பிரிச்சு வர வைக்கலாமா சார்?" என்று புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாள் கேட்டதுதான் தாமதம், மேனேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிரிச்சு ஊட்டினாத்தான் படிப்பியா? இப்படியே படிச்சுக் காரணம் சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" அன்றைய எரரை எல்லார் முன்னாலும் பெரிய திரையில் போட்டார்.

"ஒருவாட்டி நீங்க படிச்சுக் காட்டுங்க சார், கத்துக்கிறேன்" என்றாள் இசக்கி பவ்யமாக.

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை ஒரு நோட்டம் விட்டார். "இதுல படிக்க என்ன இருக்கு? எவனோ அறிவில்லாதவன் பண்ணின வேலை. அவன் சீட்டைக் கிழிக்கணும்!"

"ஆள் யாருன்னு பார்த்துடலாம் சார்" என்று, காலையிலேயே தயார் செய்து வைத்திருந்த பட்டனைத் தட்டினாள். எரர் வரி வரியாகப் பிரிந்து நின்றது.

சர்வரில் இடமில்லை.
அடைத்திருப்பது: மகள் வளைகாப்பு வீடியோ.
ஏற்றியவர்: ஞானசிகாமணி.

அறையே கொல்லென்று சிரித்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்ல யோசனைதாம்மா. இனிமே எல்லா எரரும் இப்படியே வரட்டும். ஆனா, முதல்ல என் ஸ்க்ரீனுக்கு மட்டும் வரட்டும்."